நாலு பிள்ளைகளோடு விட்டால் போதுமா?



கோப்பெங் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஆயாக்கொட்டகை மறந்திருக்காது. அம்மா இருட்டோடு பால்வெட்டுக்குப் போய்விடுவார். கைக்குழந்தை முதல் பள்ளிக்குப் போகாத பிள்ளைவரை எல்லாரும் ஆயாவின் பொறுப்பு. சோறு பிசைந்து தின்பதையோ, தன் முறை வரும்வரை காத்திருப்பதையோ யாரும் பாடமாக நடத்தவில்லை. பெரியதைப் பார்த்துச் சின்னது கற்றுக்கொண்டது. லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த நம்பிக்கை நம்மை விடவில்லை. ஒரு பிள்ளை ஒதுங்கியே இருந்தால் பாட்டி சொல்வார்: "நாலு பிள்ளைங்களோட விடு, தானா பழகிக்கும்."

சில பிள்ளைகளுக்கு அது நல்ல யோசனைதான். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். ஆனால் பார்த்ததைச் செய்துகாட்டுவதில் பெரும்பாலும் கெட்டி. அக்கா சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினால் தானும் ஒற்றிக்கொள்ளும். ஆட்டிசம் உள்ள பிள்ளை அதே அக்காவின் பக்கத்தில் நின்றாலும், அதன் கவனம் அக்காவின் கையில் இல்லாமல் சூடத்தின் சுடரிலேயே நின்றுவிடலாம்.

1985இல் லண்டனில் சைமன் பாரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃபிரித் மூவரும் பிள்ளைகளுக்கு ஒரு பொம்மை நாடகம் காட்டினார்கள். சாலி தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். அவள் இல்லாதபோது ஆன் அதை எடுத்துப் பெட்டிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் சாலி குண்டை எங்கே தேடுவாள்? மாற்றியது அவளுக்குத் தெரியாது; ஆகவே கூடையில்தான். டவுன் சிண்ட்ரோம் உள்ள 14 பிள்ளைகளில் 12 பேர் கூடையைக் காட்டினார்கள். ஆட்டிசம் உள்ள 20 பேரில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். இத்தனைக்கும் அறிவுத்திறன் சோதனைகளில் மேலே நின்றவர்கள் ஆட்டிசப் பிள்ளைகள்தான்! 'மந்தம்' என்று ஒரே சொல்லில் எல்லாரையும் அடைத்துவிடும் நம் பழக்கத்துக்கு இங்கே இடமில்லை. ஆட்டிசப் பிள்ளைகளில் மீதி நாலு பேர் சரியாகச் சொன்னதையும் நினைவில் வையுங்கள். ஆட்டிசத்திலும் ஒரு பிள்ளை போல இன்னொன்று இல்லை.

இன்னொரு வகையும் உண்டு, அரிதானது. ஏழாவது குரோமோசோமில் சிறு துண்டு குறைந்து பிறக்கும் வில்லியம்ஸ் சிண்ட்ரோம் பிள்ளைகள். பசார் மாலாமில் முன்பின் தெரியாத அங்கிளிடமும் போய் ஒட்டிக்கொள்வார்கள். பழகு என்று இவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். யாரிடம் போகக்கூடாது என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லித்தர வேண்டும்.

ஆட்டிசப் பிள்ளைக்கோ, மற்றவர்கள் சொல்லாமலே புரிந்துகொள்வதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முடிந்தால் படமாகக் காட்ட வேண்டும். கேண்டீனில் எங்கே நிற்பது, எத்தனை பேருக்குப் பிறகு தன் முறை, முறை வந்ததும் என்ன சொல்வது என்று ஒவ்வொன்றாக.

பாடம் அந்தப் பிள்ளைக்கு மட்டுமா? ஆட்டிசம் உள்ளவரான ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் எழுதியது எனக்குச் சரியாகவே படுகிறது: அவர்களுக்கு நம்மைப் புரியாதது போலவே நமக்கும் அவர்களைப் புரிவதில்லை. முகத்தைப் பார்க்காமலே ஆட்டிசப் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று வகுப்பிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

அரசாங்க கிளினிக்கில் ஒன்றரை வயதிலும் மூன்று வயதிலும் ஆட்டிச அறிகுறிகளைக் கண்டறிய உதவும் எம்-சேட் கேள்வித்தாள் தருவார்கள். தடுப்பூசி அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' போட்டுவிட்டு வருபவர்கள் நம்மில் குறைவில்லை. அதில் விரல் நீட்டுவது பற்றிய கேள்வியைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். பிஸ்கட் வேண்டும் என்று நீட்டுவது வேறு; மலையடிவாரத்தில் குரங்கைக் கண்டு "அம்மா, நீயும் பார்" என்று நீட்டுவது வேறு. இரண்டாவதை உங்கள் பிள்ளை செய்வதில்லை என்றால் மிஸ்ஸியிடம் அப்படியே சொல்லுங்கள். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவுக்குக் கடிதம் தர முடியுமா என்றும் அன்றைக்கே கேளுங்கள்.