முதல் நூலும் கடைசி இயலும்



முதல் நூலை எழுதி முடித்த பட்டறிவைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்துள்ளனர். கடைசி வரிக்கு முற்றுப்புள்ளி வைக்கும் நாளே நூல் நிறைவுறும் நாள் என்று யாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். எம் நூல் அந்நாளில் நிறைவுறவில்லை.

அந்நூல் மலேசியத் தோட்டப்புறத் தமிழரின் பேச்சுவழக்கைப் பற்றியது. எம் முனைவர் பட்ட ஆய்வேட்டிலிருந்து பிறந்தது. பணி ஓய்வுக்குப் பின்னரே அதனை நூலாக்க அமர்ந்தோம். ஆய்வேடு தேர்வாளருக்காக எழுதப்படுவது. அவர் ஐயுறுவாரோ என்று அஞ்சி, ஒரு கருத்துக்கு ஒன்பது சான்றுகளை அடுக்கியிருந்தோம். நூலைப் படிப்பவருக்கு அவ்வளவும் வேண்டா. நன்னூல் கூறும் 10 குற்றங்களை ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்துக்கொண்டு, வரிவரியாகப் பார்த்தோம். மிகைபடக் கூறலும் கூறியது கூறலும் பக்கந்தோறும் இருந்தன. அவற்றைக் களைந்ததும் நூல் முடிந்தது என்றே கருதினோம்.

கடைசி இயலுக்கு ‘வழுக்கள்’ என்று தலைப்பிட்டிருந்தோம். கம்பம், கிராணி, பிரட்டு முதலிய சொற்கள் அதில் இடம்பெற்றிருந்தன. எடுத்துக்காட்டுகளுட் பல, பால்மரம் வெட்டிய ஒரு மூதாட்டியார் ஒலிநாடாவில் பேசியவை. நூலாகும் காலத்தில் அவர் உயிரோடு இல்லை. ஆகவே இசைவு வேண்டி, தமிழாசிரியராகப் பணியாற்றும் அவர்தம் மகளாரிடம் கையெழுத்துப்படியை அளித்தோம். இரண்டு வாரம் கழித்து அவர் அதனைத் திருப்பித் தந்தார்.

“அச்சிடுங்கள் ஐயா, தடையில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். எங்கள் அம்மா பேசியதெல்லாம் பிழைதானா?”

எம்மிடம் விடை இல்லை. பேச்சுவழக்கை உள்ளவாறு விளக்குவதே மொழியியலின் கடன் என்று வகுப்பில் கற்பித்தவர் யாமே. அத்தலைப்பை இட்டவரும் யாமே.

ஒலிநாடாக்களை மீண்டும் கேட்டோம். மலாய்மொழியில் சிற்றூரைக் குறிக்கும் ‘கம்போங்’ என்னும் சொல், அம்மூதாட்டியார் நாவில் ‘கம்பம்’ என்றாகிறது. தமிழ்ச்சொல்லின் இறுதியில் வாராத ஙகர மெய் நீங்கி, மகர ஈறு அமைகிறது. வேற்றுமை உருபை ஏற்கும்போது, மரம் என்பது மரத்துக்கு, மரத்தில் என்று அத்துச்சாரியை பெறுவதுபோலவே, கம்பத்துக்கு, கம்பத்தில் என்று வருகிறது. பள்ளி சென்றறியாத ஒருவர், அயற்சொல்லைத் தமிழ் இலக்கணத்துக்குள் பிசகாமல் அமர்த்தியிருக்கிறார். யாம் வழுவென எழுதிய இடத்தில் விதி இருந்தது. பிறநிலத்துச் சொற்களைத் திசைச்சொல் என வகைப்படுத்தி ஏற்றுக்கொண்ட இலக்கண மரபு நம்முடையது என்பதையும் மறந்திருந்தோம்.

எழுத்துத் தமிழுக்குரிய வரையறை வேறு. மாணவர் தேர்வுத்தாளில் அதனைப் பேணவே வேண்டும். ஆயினும், ஒரு சொல் எழுத்துவழக்குக்கு ஏலாது என்பதும், அதனைப் பேசியவர் பிழைபட்டவர் என்பதும் ஒன்றல்ல. வகுப்பறையில் சிவப்பு மையைக் கையில் எடுக்கும் ஆசிரியப் பெருமக்கள் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ள வேண்டுகிறோம்.

அவ்வியலை நீக்கிவிட்டுப் புதிதாக எழுத எட்டுத் திங்கள் ஆயின. ‘அயற்சொல் தமிழாகும் முறை’ என்று தலைப்பு மாறிற்று. அதன் பின்னரே படியை அச்சகத்துக்கு அனுப்பினோம். அன்று மகிழ்ச்சியைவிட நாணமே மிகுந்திருந்தது.

தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு ஐயமற விளக்கப்பட்டு அரங்கேறியதாக அதன் சிறப்புப்பாயிரம் கூறுகிறது. எம் நூலுக்கு அவ்வாசானாக அமைந்தவர் அந்தத் தமிழாசிரியர். நாளை நூல் எழுதப் புகும் மாணவர்களே, உங்கள் நூலில் எவருடைய சொல் இருக்கிறதோ, அவர் கேட்கும் காலத்திலேயே அவருக்குப் படித்துக் காட்டுங்கள். யாம் காலம் தாழ்த்திவிட்டோம்.