அவையச்சமும் அண்ணல் காந்தியும்



வள்ளுவர் அவையறிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தபின், அவையஞ்சாமைக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அவையை அறிந்தவரும் அஞ்சக்கூடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும். 1915 ஏப்ரல் இறுதியில் இத்தரங்கம்பாடிக்கு வந்து உரையாற்றிய காந்தியடிகளே அதற்குச் சான்று.

இலண்டனில் சட்டம் பயின்ற நாளில் அவர் மரக்கறி உணவாளர் சங்கச் செயற்குழுவில் இருந்தார். கூட்டந்தோறும் வாய் திறவாது அமர்ந்திருந்தார். வெண்ட்னர் நகரில், ஒரு தாளில் அடங்கிய உரையைப் படிக்க எழுந்தார். கண் மங்கியது, உடல் நடுங்கியது. உடன்வந்த நண்பரே அதைப் படித்து முடித்தார். 1891இல் விடைபெறும் விருந்தில் நகைச்சுவையாய்த் தொடங்கிய பேச்சு முதல் வாக்கியத்தோடு நின்றது. பம்பாயில் முதல் வழக்கிற்குக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவர், ஒரு வினாவும் தோன்றாமல் அமர்ந்தார். 30 ரூபாய்க் கட்டணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொல்லி வெளியேறினார்.

1893இல் பிரிட்டோரியாவில் இந்திய வணிகரிடையே, வாணிகத்தில் வாய்மை வேண்டும் என்று பேசினார். அதனையே தம் முதற்பொதுச்சொற்பொழிவாக அவர் தன்வரலாற்றில் குறிக்கிறார். அன்றோடு அச்சம் அகன்றது என்று முடித்தால் கதை இனிக்கும், உண்மை அவ்வாறன்று. 1896 செப்டம்பரில் பம்பாய்ப் பேரவையில் மீண்டும் குரல் நடுங்கிற்று; அச்சிட்ட உரையைப் பிறர் வாங்கிப் படிக்க நேர்ந்தது.

ஒரு திங்கள் கழித்துச் சென்னைப் பச்சையப்பன் மண்டபம். இங்கும் அச்சிட்ட உரைதான். அதுவும் நெடிய உரை. அவையோ ஒவ்வொரு சொல்லையும் கூர்ந்து கேட்டது. முதலாளியிடம் அடிபட்டுப் பல் உடைந்து, குருதி வழிய, தலைப்பாகையைக் கையில் ஏந்தித் தம்மிடம் வந்த தமிழ்க் கூலித்தொழிலாளி பாலசுந்தரத்தின் மண்ணுக்கு அன்று அவர் வந்திருந்தார். தம்மைக் காட்ட நின்றபோது மறந்த சொல், பிறர் துயர் சொல்ல நின்றபோது நின்று உதவியது என்றே கொள்ளத் தோன்றுகிறது.

கூச்சம் தமக்குச் சொற்சிக்கனம் கற்பித்தது என்று அவரே எழுதினார். ஏறிய மேடையைவிட்டு இறங்க மனமில்லாதோர் மலிந்த நம் நாட்டில் அக்கூச்சம் இன்னும் சிலருக்கேனும் வாய்க்கலாம்! கவியரங்கில் கை நடுங்கும் இளங்கவிஞர் அந்நடுக்கத்தை இழிவாகக் கருத வேண்டுவதில்லை. பாட எடுத்த பொருள் தம்மினும் பெரிதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

1915இல் சென்னை வரவேற்பில் தமக்களித்த புகழுரையை அவர் ஏற்கவில்லை. தென்னாப்பிரிக்கப் போரில் உயிர்நீத்த நாகப்பன், நாராயணசாமி, வள்ளியம்மை ஆகியோருக்கே அதனை உரியதாக்கினார். சிறையிலிருந்து காய்ச்சலோடு மீண்டு, 1914 பிப்ரவரியில் மறைந்த அவ்விளம்பெண்ணின் முன்னோர் ஊர் தில்லையாடி. அவர் இப்பகுதிக்கு வந்தது அதன்பின் சில நாள்களிலேயே.