பயிற்சிக் களத்தில் ஒரு வரலாற்றுப் பாடம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் சமூக அறிவியல் ஆசிரியை. எனக்கு ஓர் உதைகூடச் சரியாக உதைக்கத் தெரியாது. அப்படிப்பட்ட நான் கொரியத் தற்காப்புக் கலையைப் பற்றிப் பேச வந்ததற்குக் காரணம் இருக்கிறது. நம் பள்ளிகளில் மாணவிகளுக்குத் தற்காப்புப் பயிற்சி நடக்கும்போது பெண் ஆசிரியர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் அல்லவா? எங்கள் பள்ளியில் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. திட்டத்தின் பயிற்சிக் காலம் முடிந்த பிறகும் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு மாஸ்டர் சனிக்கிழமைகளில் வந்து டேக்வாண்டோ சொல்லிக்கொடுத்தார். நானும் விடைத்தாள் கட்டுடன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வேன். கொஞ்ச நாளில் திருத்துவதை விட்டுவிட்டுப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் என் கண்ணில் பட்டது வரிசை. நம் வழிபாட்டுக் கூட்டத்தில் உயரப்படி நிற்க வைப்போம், அல்லது வகுப்புப்படி. அங்கே பெல்ட் படிதான். ஏழாம் வகுப்புச் சிறுமி பச்சை பெல்ட்டுடன் முன்னால் நிற்பாள். ஒன்பதாம் வகுப்பு அக்கா வெள்ளை பெல்ட்டுடன் பின்னால். முன்னால் நிற்பவர்களில் மூத்த பெல்ட்காரர் "சாரியோத்" என்று குரல் கொடுத்தால் எல்லோரும் நேராக நிற்பார்கள். "கியோங்நே" என்றால் குனிந்து வணங்குவார்கள். மிகவும் குனிவதில்லை, 15 பாகைதான். எதிரில் நிற்பவரின் கண்ணிலிருந்து பார்வையை எடுக்கக் கூடாது. மாணவிகள் வணங்கும் அதே நேரத்தில் மாஸ்டரும் குனிந்து வணங்குகிறார். நாம் காலையில் நூறு வணக்கத்துக்கு ஒரு தலையசைப்போடு வகுப்புக்குள் போய்விடுகிறோம் என்பது அப்போது எனக்கு உறைத்தது.

எண்ணுவதுகூடக் கொரிய மொழியில்தான். ஹனா, டுல், செட், நெட். ஒரே மாதத்தில் பிள்ளைகள் பத்து வரை எண்ணினார்கள்.

இதையெல்லாம் பார்த்த உற்சாகத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இந்தப் பிள்ளைகளைப் பாராட்டிப் பேசும்போது, "இது இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான கலை. இதற்கு மூலமே நம் காஞ்சிபுரத்திலிருந்து போன போதிதருமர்தான்" என்று சொன்னேன். பலத்த கைதட்டல். சினிமாவில் பார்த்தது, எங்கோ படித்தது எல்லாம் சேர்ந்து வாயில் வந்துவிட்டது. எந்தப் புத்தகத்தையும் புரட்டாமல் வரலாற்று ஆசிரியை பேசிய பேச்சு அது.

இப்போது அந்தக் கலையின் மையமான வழக்கத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் பேட்டர்ன் என்கிறார்கள். எங்கள் பிள்ளைகளும் அப்படியே சொல்கிறார்கள். கற்பனை எதிரி ஒருவர் இருப்பதாக வைத்துக்கொண்டு தடுப்பு, குத்து, உதை ஆகியவற்றை வரையறுத்த ஒழுங்கில் செய்து காட்டுவது. டேக்வாண்டோவில் பிரிவுகள் உண்டு. ஒலிம்பிக்கில் நாம் பார்க்கும் பிரிவினர் இதைப் பூம்சே என்கிறார்கள். எங்கள் மாஸ்டர் சோய் ஹோங் ஹி என்ற கொரியத் தளபதியின் வழியில் வந்தவர். அந்த வழியில் இதற்குப் பெயர் டுல். மொத்தம் 24 டுல். ஒரு நாளுக்கு 24 மணி நேரம் என்பதுதான் கணக்கு. எந்த இடத்தில் தொடங்குகிறோமோ அதே இடத்தில் முடிய வேண்டும். அரை அடி தள்ளி முடித்தாலும் எங்கோ ஓர் அடியின் நீளம் தவறிவிட்டது என்று பொருள். தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கும் இப்படி ஒரு வழி நம் கணக்குப் பாடத்தில் உண்டு. மற்றப் பாடங்களில் அரிது.

என்னை ஈர்த்தது அவற்றின் பெயர்கள். முதல் டுல்லான சோன்ஜிக்கு வானமும் பூமியும் என்று பொருள். அடுத்தது டான்குன், கொரியாவைத் தோற்றுவித்ததாகச் சொல்லப்படும் புராண மன்னர். மூன்றாவது டோசான். ஆன் சாங் ஹோ என்ற விடுதலைப் போராட்டக்காரரின் புனைபெயர் அது. பள்ளிகள் தொடங்கிக் கல்வி வழியாக நாட்டை எழுப்பப் பார்த்தவர், நம் இனத்தார். யுல்கோக், டோய்கே இருவரும் 16-ஆம் நூற்றாண்டு அறிஞர்கள். இன்றைக்கும் கொரியாவின் 5000 வோன் நோட்டில் ஒருவர், 1000 வோன் நோட்டில் மற்றவர். ஜப்பானியக் கடற்படையை எதிர்த்து நின்ற தளபதி யி சுன் சின் பெயரால் அமைந்த சூங்மூ, இடது கைத் தாக்குதலோடு முடியும். அவருடைய வருந்தத்தக்க மரணத்தின் குறியீடாம். அசைவுகளின் எண்ணிக்கைக்கும் பொருள் உண்டு. சம்இல் என்ற டுல்லில் 33 அசைவுகள். 1919 மார்ச் 1-இல் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்கள் 33 பேர். ஹ்வாராங்குக்கு 29 அசைவுகள். சோய் தலைமை தாங்கிய படைப்பிரிவின் எண் 29! பாடத்திட்டம் எழுதுகிறவர் தன் சொந்தப் பிரிவையும் மெல்ல நுழைத்துக்கொண்டார்.

பெல்ட் தேர்வில் டுல்லைச் செய்து காட்டினால் மட்டும் போதாது. அதன் பொருளையும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பச்சை பெல்ட். அடுத்த தேர்வுக்கு அவள் செய்ய வேண்டியது வோன்ஹியோ, 28 அசைவுகள். கையேட்டில் உள்ள விளக்கம் இதுதான்: வோன்ஹியோ 686-ஆம் ஆண்டில் ஷில்லா நாட்டில் பௌத்தத்தை அறிமுகப்படுத்திய துறவி. அவள் எங்கள் பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் தேடிப் பார்த்திருக்கிறாள். நேராக என்னிடம் வந்தாள்.

"டீச்சர், இவர் 617-ல பிறந்து 686-ல இறந்துட்டார்னு போட்டிருக்கு. சாகற வருஷத்துல எப்படி டீச்சர் அறிமுகப்படுத்துவாரு?"

நானும் தேடினேன். அவள் சொன்னது சரி. ஷில்லா அரசு பௌத்தத்தை ஏற்றது 527-இல். வோன்ஹியோ பிறப்பதற்கு 90 ஆண்டுகள் முன்பே. அவர் பெரிய அறிஞர்தான், பௌத்தத்தை எளிய மக்களிடம் கொண்டு சென்றவர்தான். ஆனால் அறிமுகப்படுத்தியவர் அல்லர். உலகம் முழுக்கப் பிள்ளைகள் இந்தத் தவறான வரியை ஒப்பித்துப் பெல்ட் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அவளுக்கு ருசி பிடித்துவிட்டது. இன்னொன்றையும் கொண்டு வந்தாள். ஜூங்குன் டுல்லில் 32 அசைவுகள். 1909-இல் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானியத் தலைவர் இதோ ஹிரோபுமியைச் சுட்டுக் கொன்ற ஆன் ஜுங் குன், 1910-இல் தூக்கிலிடப்பட்டபோது அவருக்கிருந்த வயதைக் குறிப்பது அந்த 32. "1879 செப்டம்பர்ல பிறந்தவருக்கு 1910 மார்ச்ல முப்பது வயசுதானே டீச்சர்? இதுவும் தப்பு." நானும் தலையாட்டியிருப்பேன். நல்ல வேளை, மேலும் படித்தோம். கொரியரின் பழைய கணக்கில் பிறந்தவுடனேயே ஒரு வயது. அதன் பிறகு ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒரு வயது கூடும். 2023-இல்தான் அரசு ஆவணங்களில் உலகக் கணக்குக்கு முழுவதும் மாறினார்கள். அப்படி எண்ணினால் 32 மிகச் சரி. ஒரே கையேட்டில் ஒன்று பிழை. மற்றொன்று பிழை போலத் தோன்றும் சரி. அன்றைக்கு அந்தப் பிள்ளையும் நானும் சமமாகக் கற்றுக்கொண்டோம்.

அவளுடைய உண்மையான கேள்வி இனிமேல்தான் வந்தது. "தேர்வுல நான் எதைச் சொல்லட்டும் டீச்சர்?"

நம்மில் எத்தனை பேர் இந்தக் கேள்வியைச் சந்தித்திருப்போம்! புத்தகத்தில் இருப்பதை எழுது, மதிப்பெண் வாங்கு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருப்போம். நானும் பல முறை சொன்னவள்தான். மாஸ்டரிடம் கேட்டேன். அவருக்குச் சங்கடம். "எங்க மாஸ்டர் எனக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார் டீச்சர். புத்தகத்துல உள்ளதை அப்படியே சொல்றதுதான் வழக்கம். தேர்வாளர் வெளியூர்க்காரர், என்ன நினைப்பாரோ" என்றார். அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. குருவின் சொல்லைத் திருத்துவது மரியாதைக் குறைவு என்று பழகியவர். ஆனால் அந்தக் கலையின் உறுதிமொழியில் வரும் ஐந்து பண்புகளில் இரண்டாவது நேர்மை. முதலாவது மரியாதை. ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டால் எதைப் பிடிப்பது?

நானும் அப்போதுதான் என் வழிபாட்டுக் கூட்டப் பேச்சை நினைத்துப் பார்த்தேன். டேக்வாண்டோ என்ற பெயரே 1955-இல் சூட்டப்பட்டது. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் பிடியில் இருந்தது. ஜப்பானுக்குப் படிக்கப் போன கொரிய இளைஞர்கள் கராத்தே கற்றுத் திரும்பினார்கள். சோய் அவர்களில் ஒருவர். 1944-இல் சியோலில் சுங் டோ குவான் பயிற்சிக் கூடத்தைத் தொடங்கிய லீ வோன் குக் இன்னொருவர். ஆரம்பக் கூடங்களில் சொல்லிக்கொடுத்தவை கராத்தேயின் பேட்டர்ன்களே. பெயரைக் கொரிய உச்சரிப்பில் சொன்னார்கள். வெள்ளை உடையும், கறுப்பு பெல்ட்டும், டான் என்ற தரநிலையும் ஜப்பானில் ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோவிடமிருந்து கராத்தேக்கு வந்து, அங்கிருந்து கொரியாவுக்குப் போனவை. வெள்ளை பெல்ட்டைத் துவைக்காமல் கட்டிக் கட்டிக் கறுப்பானது என்று ஒரு கதை உலவுகிறது, கதைதான். அடிமைப்படுத்தியவர்களிடம் கற்ற கலைக்குத் தங்கள் வரலாற்றின் பெயர்களைச் சூட்டி, கால் வீச்சை உயர்த்தி, கொரியர்கள் அதைத் தங்களுடையதாக மாற்றிக்கொண்டார்கள். இதோவைச் சுட்டவரின் பெயரை ஏன் ஒரு டுல்லுக்கு வைத்தார்கள் என்பது இந்தப் பின்னணி தெரிந்தால்தான் விளங்கும். இரண்டாயிரம் ஆண்டுக் கதையில் அது விளங்காது.

போதிதருமர் விஷயமும் அப்படித்தான். ஷாவ்லின் உடற்பயிற்சியோடு அவரை இணைக்கும் நூல் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அவருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பிந்தியது. தென்னிந்தியாவிலிருந்து சீனாவுக்குப் போன துறவி என்பது நமக்குப் போதுமான பெருமை.

பாடத்திட்டம் எழுதுவோருக்காக ஒரு செய்தியை இடையில் சொல்லிவிடுகிறேன். இந்த 24-இல் கோடாங் என்று ஒன்று இருந்தது. சோ மான் சிக் என்ற தேசியத் தலைவரின் புனைபெயர். வட கொரியாவில் சோவியத் படையினரால் காவலில் வைக்கப்பட்டவர் அவர். 1980-களில் சோய் வட கொரியாவோடு நெருங்கியபோது அந்த டுல்லை நீக்கிவிட்டு, வட கொரியக் கொள்கையின் பெயரான ஜூசேயைச் சேர்த்தார். கோடாங்கையே இன்றும் செய்கிறவர்களும் உண்டு. ஒருவர் எந்த டுல்லைச் செய்கிறார் என்பதைப் பார்த்தே அவர் எந்த அணி என்று சொல்லிவிடலாம்.

சரி, தேர்வு நாளுக்கு வருகிறேன். நான் அந்தப் பிள்ளைக்கு எதையும் கட்டளையிடவில்லை. "கையேட்டில் உள்ளதையும் சொல்லலாம், நீ கண்டதையும் சொல்லலாம். மரியாதையாகச் சொல். பெல்ட் கிடைக்காமலும் போகலாம், யோசித்துக்கொள்" என்றேன். இப்படிச் சொல்லிவிட்டு அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. தேர்வுக் கட்டணத்தை அவள் அம்மா நூறுநாள் வேலைப் பணத்தில் கட்டியிருந்தார்.

28 அசைவுகளையும் முடித்து, தொடங்கிய இடத்தில் வந்து நின்றாள். தேர்வாளர் பொருள் கேட்டார். கையேட்டு வரியைப் பிசகாமல் சொன்னாள். அடுத்த எண்ணை அவர் அழைக்கப்போகும்போது, "சார், இன்னும் ஒண்ணு சொல்லலாமா?" என்று கேட்டு, 527-ஐயும் 686-ஐயும் சொன்னாள். தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார். "யார் சொன்னது?" என்றார். "நானே தேடினேன் சார். எங்க டீச்சரும் பார்த்தாங்க." அவர் மாஸ்டரைப் பார்த்தார், மாஸ்டர் தரையைப் பார்த்தார். சில நொடிகள் எதுவும் நடக்கவில்லை. பிறகு தேர்வாளர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு, "கியோங்நே" என்றார். அவள் குனிந்தாள். அவரும் குனிந்தார். முடிவு வர இரண்டு வாரம் ஆனது. பச்சை பெல்ட்டின் நுனியில் நீலப் பட்டை ஒட்டிக்கொண்டு வந்து காட்டினாள்.

அடுத்த திங்கட்கிழமை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் ஒரு நிமிடம் கேட்டு வாங்கினேன். முன்பு நான் சொன்னது தவறு என்றும், எப்படித் தவறு என்றும், யாரால் திருத்திக்கொண்டேன் என்றும் சொன்னேன். இந்த முறை கைதட்டல் இல்லை. கலைந்து போகும்போது ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் என் அருகில் வந்தான்.

"அப்ப டேக்வாண்டோவுக்கு ரெண்டாயிரம் வயசு இல்லையா டீச்சர்?"

"இல்லப்பா. பேரு வச்சே எழுபது வருஷம்தான் ஆகுது."

அவன் விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டான். "எங்க தாத்தாவுக்கு எழுபத்தஞ்சு" என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடினான்.