கோப்பியின் வீழ்ச்சி கற்பிக்கும் பாடம்



தேயிலை படர்ந்த நம் மலையகத்தில் ஒருகாலத்தில் கோப்பியே கோலோச்சிற்று. 1869ஆம் ஆண்டில் அதன் இலைகளிற் பூஞ்சண நோயொன்று தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளில் அத்தொழில் சாய்ந்தது. வேலையிழந்த தொழிலாளர் பலர் தென்னிந்தியா திரும்பினர்.

ஆயினும் மலையகம் பாழாகவில்லை. 1867இலேயே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். அதுவே பின்னர் கைகொடுத்தது.

அன்று தற்செயலாய் வாய்த்த மாற்றுவழியைத் திட்டமிட்டு அமைக்கும் கலையே தொழில் தொடர்ச்சி முகாமைத்துவம். இன்று அது பட்டமேற்படிப்பாகவும் கற்பிக்கப்படுகிறது; 2012இல் அதற்கென அனைத்துலக நியமமும் வகுக்கப்பட்டது. எது நின்றால் எல்லாம் நிற்கும்? எத்தனை நாள் தாங்கலாம்? மாற்று யாது? இவையே அதன் அடிப்படை வினாக்கள்.

இவ்வினாக்கள் பழங்கதையல்ல. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டு தேயிலை உற்பத்தி பெரிதும் வீழ்ந்தது.

கோப்பி அழிந்தபோது தோட்டத்துக்கு மாற்றுப்பயிர் கிடைத்தது. தொழிலாளிக்கோ முன்னேற்பாடு எதுவும் இருக்கவில்லை. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் பயிலும் நம் பிள்ளைகள் இக்கல்வியைக் கற்பாராயின், நான்காவது வினா ஒன்றையும் அதிற் சேர்ப்பர்: வேலை நிற்கும் நாளில் லயத்து அடுப்பு எவ்வாறு எரியும்? அதற்கு விடை கூறும் திட்டமே முழுமையான திட்டமாகும்.