பல் முளைக்கும் பருவமும் குழந்தையின் வயிற்றுப்போக்கும்



கைக்குழந்தைக்கு வயிற்றால் போகிறது என்றால், நம் ஊர்களில் முதலில் வருகிற கேள்வி, “பல்லு மொளைக்குதா?” என்பதுதான். கேட்டவர் குழந்தையின் கீழ் ஈறைத் தடவிப் பார்ப்பார். ஒரு வெள்ளைக் கீற்று தட்டுப்பட்டால் போதும். “அதான் போகுது. பல்லு வந்தா தானா நின்னுரும்” என்று சொல்லிவிடுவார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்த நிம்மதியில்தான் ஆபத்து இருக்கிறது. அப்படிக் காத்திருக்கும் ஒரு பகல் ஓர் இரவுக்குள் குழந்தையின் உடம்பில் உள்ள நீர் வற்றிவிடக் கூடும்.

பல் முளைப்பதால் பேதி ஆவதில்லை. பல் வரும்போது ஜொள்ளு வடியும், ஈறு சிவந்து அரிக்கும், குழந்தை சிடுசிடுக்கும், உடம்பு லேசாகக் கதகதக்கும். அவ்வளவுதான். தண்ணீராகப் போவதும் வாந்தியும் கடுங்காய்ச்சலும் பல்லின் வேலை அல்ல, கிருமியின் வேலை.

அப்படியானால் இரண்டும் ஏன் ஒன்றாக வருகின்றன? நியாயமான கேள்வி. முதல் பல் பெரும்பாலும் 6-ஆம் மாதத்தை ஒட்டி வருகிறது. தாயின் வயிற்றில் இருந்தபோது குழந்தைக்குக் கிடைத்த எதிர்ப்புச் சக்தி குறைந்துபோவதும் அதே காலத்தில்தான். குழந்தை தவழத் தொடங்குவதும், கோழி நடந்த வாசலில் கிடப்பதை எடுத்து வாயில் வைப்பதும், நாம் சோறு குழைத்து ஊட்ட ஆரம்பிப்பதும் அப்போதுதான். ஈறு அரிப்பதால் கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறது. கிருமி வாய் வழியே உள்ளே போகிறது. பழி மட்டும் பல்லின் மேல் விழுகிறது. 20 பால்பற்களும் முளைத்து முடிய ஏறக்குறைய இரண்டரை வயது ஆகும். அதுவரை வரும் ஒவ்வொரு பேதிக்கும் இந்தச் சாக்கு சொல்ல இடம் இருக்கிறது!

இது நம் பாட்டிமார்கள் மட்டும் நம்பியது என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்திலும் முன்பு குழந்தைகள் இறந்தால் பல் முளைத்ததே காரணம் என்று எழுதிவைத்தார்கள். பல்லுக்கென்று அங்கே விற்ற பொடியில் பாதரசம் இருந்தது. அது குழந்தைகளுக்கு விஷமானது தெரிந்து, 1950-களில்தான் அதை நிறுத்தினார்கள்.

பேதியில் குழந்தையைக் கொல்வது நீர் இழப்பு. “தண்ணி குடுத்தா இன்னும் போகும்” என்று சொல்லிக் கொடுக்காமல் இருப்பதுதான் பெரிய கேடு. வெறும் தண்ணீர் மட்டும் போதாது. உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் சேர்ந்து போனால், நோய் கண்ட குடலும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். 1971-இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்காளத்தில் பங்கான் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் பாட்டில்கள் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனபிஸ், குளுக்கோஸும் உப்பும் சோடா உப்பும் கரைத்த நீரை நோயாளிகளின் வீட்டார் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் வரை மடிந்த இடத்தில் சாவு 4-க்கும் கீழே இறங்கியது. பெற்றவர் கையால் செய்யக்கூடிய வைத்தியம் இது.

இன்று அந்தக் கரைசல்தான் ஓ.ஆர்.எஸ். பொட்டலமாக வருகிறது. பெரிய பொட்டலம் முழுவதையும், கொதிக்கவைத்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், கைப்பிடி அளவு என்றெல்லாம் கூடாது. 2 மாதம் முதல் 2 வயது வரை உள்ள குழந்தைக்கு, ஒவ்வொரு முறை போன பிறகும் கால் டம்ளரிலிருந்து அரை டம்ளர் வரை, கரண்டியாலோ பாலாடையாலோ சிறுகச் சிறுகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுங்கள். 24 மணி நேரம் தாண்டினால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பொட்டலம் கைக்கு வரும்வரை, 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டி 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கண்ணீரைவிட அதிகமாக உப்புக் கரித்தால் அதைக் கொடுக்க வேண்டாம். கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானம் இதற்கு ஈடாகாது.

தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். சோறு தின்னும் குழந்தைக்குக் குழைத்த சோறும் கஞ்சியும் கொடுக்கலாம். பேதி நின்றுவிட்டாலும் ஜிங்க் மாத்திரையை, செவிலியர் சொன்ன அளவில், 14 நாளும் கொடுத்து முடிக்க வேண்டும். தொக்கம் எடுப்பது, வயிற்றில் சூடு போடுவது, பெரியவர்களுக்கு வாங்கிய பேதி மாத்திரையை உடைத்துக் கொடுப்பது, இவை எதுவும் வேண்டாம்.

உச்சிக்குழி விழுந்திருந்தாலோ, கண் குழிந்திருந்தாலோ, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மெதுவாகவே மறைந்தாலோ உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று பொருள். உச்சியில் மருந்து பூசி உட்கார்ந்திருக்காதீர்கள். ரத்தம் கலந்து போனாலும், குடிக்க மறுத்தாலும், 6 மணி நேரம் சிறுநீர் கழியாவிட்டாலும், கூப்பிட்டால் விழிக்காமல் துவண்டு கிடந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டி இல்லையென்றால் 108-க்குப் போன் செய்யுங்கள். குழந்தை விழித்திருந்து குடிக்குமானால், போகும் வழியெல்லாம் கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே போங்கள்.

தகப்பன்மார்களுக்கு ஒரு வார்த்தை. “அவர் வரட்டும், கேட்டுட்டுப் போகலாம்” என்று பல தாய்மார்கள் வாசலைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். குழந்தை துவண்டால் யாரையும் கேட்காமல் கிளம்பலாம் என்று உங்கள் மனைவியிடமும் உங்கள் தாயாரிடமும் இன்றைக்கே சொல்லிவையுங்கள். வழிச்செலவுக்குக் கொஞ்சம் பணமும் அவர் கையில் இருக்கட்டும்.

குழந்தைகளை அதிகம் தாக்கும் ரோட்டா கிருமிக்குச் சொட்டு மருந்து இருக்கிறது. 6, 10, 14-ஆம் வாரங்களில் மற்றத் தடுப்பூசிகளோடு கொடுக்கிறார்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் ஜிங்க் மாத்திரையும் துணை சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அடுத்த தடவை தடுப்பூசிக்குப் போகும்போது இரண்டு பொட்டலம் கேட்டு வாங்கி, ஈரம் படாத டப்பாவில் போட்டு வையுங்கள்.