கண்மலரும் கண் கரண்டியும்

(மாடம்பாக்கத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இந்தக் கூட்டத்தைக் கூட்டிய தோழர்கள் "கண்ணும் கடவுளும்" என்று தலைப்புக் கொடுத்து நோட்டீசு போட்டிருக்கிறார்கள். கடவுளைப் பற்றிப் பேசினால் நீங்கள் கைதட்டுவீர்கள், பிறகு கலைந்து போய்விடுவீர்கள். ஆகவே நான் இன்றைக்குக் கண்ணைப் பற்றியும், அதிலும் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் கையில் பிடிக்கிற ஒரு சின்னக் கரண்டியைப் பற்றியும் மாத்திரம் பேசலாமென்று வந்திருக்கிறேன். நடுவில் கடவுள் குறுக்கே வந்தால் அது என் குற்றமல்ல.

அந்தக் கரண்டிக்கு ஸ்பாட்டுலா என்று பெயர். நம் வீட்டில் தாய்மார்கள் தோசையைத் திருப்புகிறார்களே, அந்தத் தோசைத் திருப்பிக்கும் இங்கிலீஷ்காரர் அதே பெயரைத்தான் சொல்லுகிறார்கள். வேலையும் ஏறக்குறைய அதே வேலைதான். தூக்குவது, ஒதுக்குவது, ஒட்டிக்கொண்டதைக் கிழியாமல் பிரிப்பது. வித்தியாசமென்னவென்றால் தோசைத் திருப்பி உள்ளங்கை அகலமிருக்கும். இதன் முனையோ அரை மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒரு மில்லிமீட்டர். பேனா கனத்தில் ஒரு பிடி. அதன் நுனியில் சற்றே வளைந்த, தட்டையான, மழுங்கலான ஒரு நாக்கு. எஃகில் செய்வார்கள், டைட்டேனியத்திலும் செய்வார்கள். அதற்குக் கூர் கிடையாது. கூர் இருந்தால் அது கத்தி. கத்தி வெட்டிவிட்டு வெளியே வந்துவிடும். வெட்டிய இடத்துக்குள் போய் மெல்ல வேலை செய்வது இந்தக் கூரில்லாத நாக்குதான்.

இது ஏன் மழுங்கலாயிருக்க வேண்டும் என்பதைக் கண்ணின் அமைப்பைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். கண்ணின் முன்பக்கத்துக் கண்ணாடி போன்ற கருவிழித்தோல் நடுவில் அரை மில்லிமீட்டர் கனந்தான். அதன் உள்பக்கத்தில் ஒற்றை வரிசையாகச் சில உயிரணுக்கள் பதிந்திருக்கின்றன. உரசி அழித்துவிட்டால் மனிதனுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. அதற்குப் பின்னால் கறுப்புத் திரை, நடுவில் பாப்பா. அதற்கும் பின்னால் லென்ஸ், ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறது. அந்தப் பையின் பின்பக்கச் சவ்வு ஒரு மில்லிமீட்டரை 250 பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு கனம். இந்த லென்ஸ் வயதாக ஆக மங்கிப் போவதற்குத்தான் கண்புரை என்று பெயர். முன் ஜென்ம பாவமுமல்ல, கண்ணேறுமல்ல. தலைமயிர் நரைப்பதற்கு யாரும் பரிகாரம் செய்வதில்லை. லென்ஸ் மங்கினால் மட்டும் ஜோசியனிடம் ஓடுகிறோம்.

இப்போது நம் நாட்டில் ஏழைகளுக்கு அதிகமாகச் செய்யப்படுகிற முறையில், வெள்ளைவிழியில் ஆறேழு மில்லிமீட்டர் அகலத்துக்குச் சுரங்கம் போல் ஒரு வழி செய்கிறார்கள். பையின் முன்பக்கத்தைத் திறந்து, உள்ளேயிருக்கும் கெட்டியான பருப்பை முன்னுக்குக் கொண்டு வருகிறார்கள். சிலர் கீழே ஒரு வளையத்தையும் மேலே இந்த ஸ்பாட்டுலாவையும் கொடுத்து, இரண்டுக்கும் நடுவில் பருப்பைப் பிடித்து வெளியே எடுத்துவிடுகிறார்கள். பிறகு செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். நடுவில் கறுப்புத் திரை பிதுங்கி வாசலுக்கு வந்துவிட்டால் அதைத் தடவி உள்ளே தள்ளுவதும் இந்த நாக்குதான். சுரங்கம் தானே மூடிக்கொள்ளும், பெரும்பாலும் தையல்கூட வேண்டியதில்லை. நோயாளி விழித்துக்கொண்டேதான் படுத்திருக்கிறார். வலி தெரியாததற்குக் காரணம் கண்ணை மரக்கச் செய்கிற மருந்து. 1884 இல் வியன்னாவில் கார்ல் கோல்லர் என்பவர் கொக்கேயினைக் கண்ணில் விட்டுப் பரீட்சை பார்த்த நாள் முதல் வந்த சுகம் அது. அதற்கு முன்னால் நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் கண்ணைத் தொட்டார்கள்.

இதைச் சொன்னவுடன் நம்முடைய பழம்பெருமைக்காரர்கள், "இதெல்லாம் எங்கள் சுசுருதர் அந்தக் காலத்திலேயே செய்தாயிற்று" என்பார்கள். செய்தது உண்மை, நான் மறுக்கவில்லை. சலாகை என்கிற கம்பியைக் கண்ணுக்குள் விட்டு மங்கிய லென்ஸைக் கீழே தள்ளிவிடுகிற வித்தை அந்தப் புத்தகத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. பிணத்தை அறுத்துப் பார்த்துப் படிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. யாரோ ஒரு புத்திசாலி கைப்பழக்கத்தினால் கண்டுபிடித்ததுதான் அது. ஆனால் பிறகு நடந்ததென்ன? வைத்தியன் வீட்டுச் சோறு தின்னத்தகாதது, சிரார்த்தத்துக்கு அவனைக் கூப்பிடலாகாது என்று மனு விதித்துவிட்டார். ரத்தத்தையும் சீழையும் தொட்டவன் தாழ்ந்தவன். மந்திரம் சொன்னவன் உயர்ந்தவன். கத்தி பிடிக்கிற வேலை நாவிதத் தோழர்களுக்கும் ஊர் சுற்றிகளுக்கும் விடப்பட்டது. அவர்களுக்கோ புத்தகம் கிடையாது. புத்தகம் இருந்தவனுக்குக் கை கிடையாது. கை இருந்தவனுக்குப் புத்தகம் கிடையாது. ஆயிரம் வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் கம்பி ஒரு அங்குலங்கூட முன்னேறவில்லை என்றால் காரணம் இதுதான்.

கம்பியால் தள்ளுகிற அந்த வித்தையின் பலன் என்ன என்று கணக்குப் பார்த்தவர் ஒருவர் நம் சென்னையிலேயே இருந்தார். எழும்பூர் சர்க்கார் கண் ஆஸ்பத்திரிக்கு 1904 முதல் சுமார் பத்தாண்டு தலைவராயிருந்த எலியட் என்கிற வெள்ளைக்காரர். ஊர் சுற்றி வைத்தியர்கள் கம்பி விட்டுத் தள்ளிய கண்கள் நூற்றுக்கணக்கில் அவரிடம் வந்தன. தள்ளியவுடன் வெளிச்சம் தெரியும், "இது எத்தனை விரல்?" என்று வைத்தியன் கேட்பான், கிழவர் சரியாகச் சொல்லுவார், வைத்தியன் கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவான். பிறகு சீழ் பிடிக்கும். அல்லது கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். பெரும்பாலான கண்கள் அடியோடு போய்விடும். எலியட் இதையெல்லாம் எழுதி வைத்து 1917 இல் லண்டனில் சொற்பொழிவு செய்தார். இன்னொரு வேடிக்கை. இந்த எலியட்டேதான் பிற்காலத்தில் லண்டன் ஜாலவித்தைக்காரர் சங்கத்தின் கமிட்டிக்குத் தலைவராயிருந்து, இந்தியக் கயிற்று வித்தை வெறும் கட்டுக்கதை என்று 1934 இல் சொல்லி, செய்து காட்டுகிறவருக்கு 500 கினி பரிசு என்று அறிவிக்கச் செய்தவர். கண்ணைப் பரீட்சித்த புத்தி கயிற்றையும் பரீட்சித்தது.

லென்ஸைத் தள்ளாமல் வெளியே எடுப்பதுதான் சரி என்று காட்டியவர் பிரெஞ்சுக்காரர் ழாக் தாவியேல், வருஷம் 1747. அவருடைய கருவிகளில் ஒன்று என்ன தெரியுமா? வெட்டிய கருவிழித்தோலைத் தூக்கிப் பிடிப்பதற்காகத் தங்கத்தில் செய்த, சற்று வளைந்த ஒரு சின்ன ஸ்பாட்டுலா. அதே தங்கத்தை நாம் என்ன செய்தோம்? சாமிக்குக் கண் செய்தோம்! இன்றைக்கும் மாரியம்மன் கோவில் வாசலில் வெள்ளித் தகட்டில் கண்மலர் விற்கிறார்கள். கண் நோவு வந்தவர் வாங்கி உண்டியலில் போடுகிறார். தகடும் மெல்லிய உலோகந்தான், ஸ்பாட்டுலாவும் மெல்லிய உலோகந்தான். கண்மலர் போட்டுப் பார்வை வந்தவர் ஊரில் யாராவது இருந்தால் எனக்கு ஆளைக் காட்டுங்கள். கரண்டியால் பார்வை வந்தவர் இந்தக் கூட்டத்திலேயே நாலைந்து பேர் இருப்பீர்கள்.

ஆஸ்பத்திரி தூரமில்லை. எழும்பூர்க் கண் ஆஸ்பத்திரி 1819 இல் ஏற்பட்டது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்குப் பதினாலு வருஷந்தான் இளையது. தாம்பரத்தில் மின்சார ரயிலேறினால் எழும்பூரில் இறங்கலாம். அப்படியிருந்தும் இரண்டு கண்ணிலும் புரை முற்றி, சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிற கிழவிகள் இந்த வட்டாரத்தில் இல்லையா? ஒரு ஆயாவை நானே கேட்டேன். "ஏன் ஆயா, ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாதா?" அந்த அம்மாள் சொன்னார்: "எனக்கு இனிமே கண்ணு என்னாத்துக்குப்பா? இட்டுக்கினு போக யாரு கீறாங்க? போன வருசம் எங்க வூட்டுக்காரருக்குப் பண்ணாங்க." கவனியுங்கள்! வீட்டுக்காரருக்குச் செய்தாயிற்று. மூன்று பிள்ளைகள், ஒரு நாள் லீவு போட ஒருவனுக்கும் மனமில்லை. ஆனால் வருஷாவருஷம் ஆடி மாதத்தில் அந்த ஆயாவைக் கைப்பிடித்துக் கோவிலுக்கு அழைத்துப் போய்க் கண்மலர் போடுவதற்கு மாத்திரம் லீவு கிடைக்கிறது. கண்புரைச் சிகிச்சை நம் நாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்குக் குறைவாகவே கிட்டுகிறது என்று கண் வைத்தியர்களே சொல்லுகிறார்கள். இதற்கு விதி காரணமல்ல, பிள்ளைகள் காரணம்.

பணமில்லை என்கிற சாக்கும் இனிச் செல்லாது. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் வெங்கடசாமி, வாத நோயினால் விரல்கள் முறுக்கிக்கொண்டு பேனாகூடப் பிடிக்க முடியாமலிருந்தவர், அந்தக் கைக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துப் பிடித்துப் பழகி, லட்சம் கண்களுக்கு மேல் ரண சிகிச்சை செய்தார். 1976 இல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். கொடுக்க முடிந்தவரிடம் வாங்கி, முடியாதவருக்கு இலவசமாகச் செய்வது என்று ஏற்பாடு செய்தார். வெளிநாட்டு லென்ஸ் 100 டாலர் விற்ற காலத்தில், 1992 இல் ஆரோலாப் என்கிற தொழிற்சாலை ஏற்பட்டு, சுமார் 10 டாலருக்கு இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். அவர் அரவிந்தரிடம் பக்தி உள்ளவர். ஆஸ்பத்திரிக்கு அந்தப் பெயரையே வைத்தார். வைக்கட்டும். கருவிகளை அவர் மந்திரத்தால் சுத்தி செய்யவில்லை. நீராவியில் வேக வைத்துத்தான் கண்ணுக்குள் விட்டார். எனக்கு அது போதும்.

வேக வைப்பது என்று சொன்னேனே, அதில்தான் உயிர் இருக்கிறது. 121 டிகிரி நீராவியில் கால் மணி நேரம் அழுத்தி வைக்காத கரண்டி, ஊர் சுற்றி வைத்தியன் கம்பிக்குச் சமானந்தான். 2008 இல் விழுப்புரம் மாவட்டத்து ஏழைகள் பலர் இலவச முகாமிலிருந்து அழைத்துப் போகப்பட்டு, ரண சிகிச்சைக்குப் பின் கண்ணில் கிருமி பிடித்துப் பார்வையை இழந்தார்களே, அதைப் பகுத்தறிவுக்காரர்கள் மூடி மறைக்கக் கூடாது. டாக்டரையும் கும்பிடாதீர்கள். கருவி எங்கே சுத்தம் செய்தீர்கள் என்று கேளுங்கள். சிகிச்சைக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ கண் சிவந்து, வலித்து, பார்வை குறைந்தால் பொழுது விடிவதற்குக்கூடக் காத்திராமல் ஓடுங்கள்.

இன்னொரு ஸ்பாட்டுலா இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் இங்கு வந்ததில் பிரயோஜனமில்லை. கிமூரா ஸ்பாட்டுலா என்று பெயர். பிளாட்டினத்தில் செய்தது, நெருப்பில் காட்டினால் பழுத்து, சீக்கிரம் ஆறிவிடும். அது கண்புரைக்கல்ல, கண்ணில் விழுகிற புண்ணுக்கு. அறுப்புக் காலத்தில் நெல் உமியோ, கரும்புச் சோகையோ கருவிழியில் கீறிவிட்டால், கீறலில் பூஞ்சைக் காளான் முளைக்கிறது. மதுரையில் 1994 இல் கருவிழிப் புண்களைச் சோதித்ததில், கிருமி கண்டுபிடிக்கப்பட்டவற்றில் ஏறத்தாழப் பாதி காளானாயிருந்தது. இந்த ஊர் வயல்களெல்லாம் இப்போது மனைகளாகிவிட்டன. ஆனாலும் வெல்டிங் பட்டறையும் கிரானைட் அறுக்கிற மிஷினும் வந்திருக்கின்றன. தூள் கண்ணில் பறப்பது நின்றபாடில்லை.

தூசி விழுந்ததும் நம்மவர்கள் செய்வதென்ன? ஒருவர் நாக்கை நீட்டிக் கண்ணை நக்கி எடுக்கிறார். ஒருவர் தாய்ப்பால் விடுகிறார். ஒருவர் நந்தியாவட்டைச் சாறு. கொஞ்சம் படித்தவர் மருந்துக் கடையில் போய், சிவப்பு மாறுவதற்கு ஒரு சொட்டு மருந்து கேட்கிறார். கடைக்காரர் ஸ்டீராய்டு கொடுத்துவிடுகிறார். சிவப்பு குறைகிறது, காளான் கொழுக்கிறது! கண் டாக்டரோ நக்குவதுமில்லை, ஊகிப்பதுமில்லை. மருத்துச் சொட்டு விட்டு, இந்தச் சின்ன நாக்கால் புண்ணின் ஓரத்தை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, பூதக் கண்ணாடியில் பார்க்கிறார். நூல் நூலாகத் தெரிந்தால் காளான். அதற்கு வேறு மருந்து. எந்த மருந்து நல்லது என்பதையும் அவர்கள் வாதம் செய்து தீர்க்கவில்லை. மதுரை டாக்டர்களும் அமெரிக்க டாக்டர்களும் சேர்ந்து, நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, மலிவான நாட்டமைசினையும் விலையுயர்ந்த வொரிகோனசோலையும் போட்டுப் பார்த்து, 2013 இல் மலிவானதே மேல் என்று பிரசுரித்தார்கள். இந்த மாதிரி நம் தேவாரத்தையும் திருநீற்றையும் இரண்டு பிரிவாக்கிப் பார்க்க எந்த மடாதிபதியாவது சம்மதிப்பாரா?

இரண்டு கேள்விச் சீட்டுகள் வந்திருக்கின்றன. பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளுகிறேன்.

"கண்ணப்பர் கண் கொடுத்ததை ஒப்புக்கொள்ளுகிறீரா?" என்று ஒரு தோழர். நம் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர் சேக்கிழார் எழுதிய கதை அது. கெட்ட கண்ணுக்கு நல்ல கண்ணை வைக்கலாம் என்ற யோசனை வரைக்கும் அந்த வேடனை மெச்சுகிறேன். கொண்டுபோய் வைத்த இடந்தான் கல். அந்த யோசனையை மனிதனுக்குச் செய்து, ஒருவருடைய கருவிழித்தோலை இன்னொருவருக்கு வைத்து வெற்றி கண்டவர் எடுவர்ட் சிர்ம் என்கிற டாக்டர், 1905 இல். இந்தியாவில் முதல் கண் வங்கியை 1945 இல் டாக்டர் முத்தையா ஏற்படுத்தியது இந்த எழும்பூர் ஆஸ்பத்திரியில்தான்.

இரண்டாவது சீட்டு: "கண் தானம் செய்தால் அடுத்த ஜென்மத்தில் குருடாய்ப் பிறப்பார்கள் என்கிறார்களே?" அப்படியானால் மொத்த உடம்பையும் சுடுகாட்டில் எரிக்கிறோமே, அவர்கள் அடுத்த ஜென்மத்தில் என்னவாய்ப் பிறப்பார்கள்? முகம் விகாரமாகுமோ என்று பயப்படாதீர்கள். இமையை மூடினால் வித்தியாசம் தெரியாது. கண்ணாடி போட்டவரும் கொடுக்கலாம், புரை எடுத்தவரும் கொடுக்கலாம். ஒருவர் கொடுத்தால் இருவருக்குப் பார்வை வரும். ஆனால் செத்த ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். ஆகவே வீட்டில் சாவு விழுந்தால், ஐயருக்கு ஆளனுப்புவதற்கு முன் கண் வங்கிக்குப் போன் செய்யுங்கள். அவர்கள் வருகிற வரையில் இமைகளை மூடி, அவற்றின்மேல் ஈரப் பஞ்சை வைத்து, தலைமாட்டில் ஓடுகிற மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.