கண்ணாடி அணியக் கூசிய கண்கள்

(தொலைக்காட்சி மன்ற நிகழ்ச்சியில் தாயார் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கிட்டப்பார்வை. சிங்கப்பூரில் நாம் வழக்கமாகச் சொல்வதுபோல் சொன்னால், 800 டிகிரி. பள்ளி நாட்களில் ‘சோடாபுட்டி’ என்று கேலி செய்தார்கள். வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கியதும் கான்டெக்ட் லென்ஸ் வாங்கினேன். அதன்பின் இருபது ஆண்டுகள் மூக்குக்கண்ணாடியோடு நான் வீட்டுப் படி தாண்டியதில்லை.

சென்ற ஆண்டு ஒருநாள் இரவு, களைப்பில் லென்ஸைக் கழற்றாமலே தூங்கிவிட்டேன். காலையில் வலது கண் சிவந்து வலித்தது. கருவிழியில் புண் என்றார் மருத்துவர். இன்னும் தாமதித்திருந்தால் தழும்பு பார்வையைப் பாதித்திருக்கும் என்றும் சொன்னார்.

கருவிழிக்கு இரத்தக் குழாய் கிடையாது. அதற்கு வேண்டிய பிராணவாயுவைப் பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மூடிய இமைக்குள் லென்ஸும் இருந்தால் அது திணறும். கிருமிக்கு அதுவே வசதி. 2006ஆம் ஆண்டில் இங்கே லென்ஸ் அணிந்தவர்கள் பலருக்குக் கண்ணில் பூஞ்சைத் தொற்று ஏற்பட்டதும், லென்ஸ் கழுவும் திரவம் ஒன்று கடைகளிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கலாம்.

புண் ஆறியது. இனி லென்ஸ் வேண்டாம் என்றார் மருத்துவர். புதுக் கண்ணாடி செய்தேன். ஆனால் வெளியே போகும்போது அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பேருந்து எண் தெரியாமல் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டு ஏறினேன்.

அந்தச் சமயத்தில்தான் தொடக்கநிலை மூன்றில் படிக்கும் என் மகளுக்குப் பள்ளிப் பரிசோதனையில் கிட்டப்பார்வை தெரியவந்தது. வாங்கிக் கொடுத்த கண்ணாடி புத்தகப்பையின் அடியில் கிடந்தது. கோபத்தில் திட்டினேன். அவள் அமைதியாக, “நீங்களும் பையிலதானே வெச்சிருக்கீங்க, அம்மா?” என்றாள்.

என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் காலை கண்ணாடியை அணிந்துகொண்டே அவளைப் பள்ளியில் விடப் போனேன். தரை பள்ளமாகத் தெரிந்தது. மேம்பாலத்தில் இறங்கும்போது ஒரு படி தவறியது, கைப்பிடி காப்பாற்றியது. ‘பவர் தப்பு’ என்று கண்ணாடிக் கடைக்குச் சண்டைக்குப் போனேன்.

கடையிலிருந்த கண் பரிசோதகர் பொறுமையாக விளக்கினார். லென்ஸ் கண்மணியோடு சேர்ந்தே திரும்பும். கண்ணாடியோ கண்ணுக்குச் சுமார் 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. கிட்டப்பார்வைக்கான கண்ணாடி பொருள்களைச் சற்றுச் சிறிதாக்கிக் காட்டும். ஓரங்களில் வளைத்தும் காட்டும். பவர்கூட மாறும், கண்ணாடியில் 800 என்றால் லென்ஸில் ஏறத்தாழ 725தான். இருபது ஆண்டுப் பழக்கத்தை மூளை மாற்றிக்கொள்ளச் சில நாட்கள் வேண்டும்.

அவர் சொன்ன வழிகளை உங்களுக்கும் சொல்கிறேன். காலையில் எழுந்ததும் அணியுங்கள். அரை நாள் அணிவது, அரை நாள் கழற்றுவது என்று மாற்றி மாற்றிச் செய்யாதீர்கள். ஓரக்கண்ணால் பார்க்காமல் தலையைத் திருப்பிப் பாருங்கள். பழகும்வரை படிகளில் கைப்பிடியைப் பிடியுங்கள், வாகனம் ஓட்டாதீர்கள். பெரும்பாலோருக்கு ஓரிரு வாரங்களில் பழகிவிடும். அதன்பிறகும் தலைவலியோ இரட்டைப் பார்வையோ இருந்தால் சகித்துக்கொள்ளாமல் திரும்பிப் போய்ச் சோதித்துப் பாருங்கள். கண்ணாடியின் மையம் கண்மணிக்கு நேராக அமையாவிட்டாலும் இந்தத் தொல்லை வரும்.

எனக்குப் பத்து நாளில் தரை சமமானது. இன்னொரு நன்மையும் கண்டேன். நாற்பதைத் தாண்டியபின் லென்ஸோடு கைத்தொலைபேசியைத் தள்ளிப் பிடித்துப் படித்து வந்தேன். கண்ணாடியில் அந்தச் சிரமம் குறைந்திருக்கிறது.

லென்ஸ் கூடாது என்று நான் சொல்லவில்லை. முறையாகப் பயன்படுத்துவோருக்கு அது நல்ல வசதி. ஆனால் அதோடு தூங்காதீர்கள். குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். கண் சிவந்து வலித்தால் உடனே லென்ஸைக் கழற்றிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கண்ணாடி அணிந்தால் அழகு கெடும் என்று நான் என் மகளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனாலும் அவள் அதை என்னைப் பார்த்தே கற்றிருந்தாள். இப்போது காலையில் நாங்கள் இருவரும் ஒரே துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டுதான் கிளம்புகிறோம்.